வேறு பெயரில் கொடுத்த ரத்தம்

கண்ணில் புகை மாதிரி ஏதாவது தெரிந்தால் நாமெல்லாம் கண்ணாடிக் கடைக்குப் போவோம். நானும் அங்கேதான் போனேன். அந்தப் புகைக்குக் காரணம் என் ரத்தத்தில் இருந்தது. அது தெரிய வந்த விதத்தையும், தெரிந்த பிறகும் நம்பாமல் நான் அடித்த கூத்தையும் எழுதி வைத்தால் யாருக்காவது உதவும் என்று என் மனைவி சுமதி சொல்கிறாள். உதவுமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் எழுதுகிறேன். இப்போது நான் நன்றாக இருப்பதாக டாக்டர் சொல்கிறார். அதையும் நான் இன்னும் முழுசாக ஒப்புக்கொண்டுவிடவில்லை.

என் பெயர் ஏழுமலை. ஊர் வடக்குப்பட்டு. ஒரகடத்தில் கார்களுக்கான அலுமினிய வார்ப்புகள் செய்கிற ஒரு கம்பெனியில் கடைசி மேஜை என்னுடையது. வார்ப்பு லாரி ஏறுவதற்கு முன்னால் அதில் ஊசி முனை அளவுக்குத் துளை இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் என் பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து அனுப்ப வேண்டும். சந்தேகப்படுவதற்கு மாதச் சம்பளம் வாங்கும் ஆள் நான். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகாது. பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்ஜியத்துக்கு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் பாட்டிலில் பிடித்து அளந்து பார்த்தவன். சுமதியின் தம்பி பார்த்திபன் என்னை வைத்து ஒரு கதை சொல்வான். கோயிலில் தீபாராதனை காட்டும்போது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம், நான் மட்டும் கற்பூரம் அசலா என்று முகர்ந்து பார்த்தேனாம். பொய். நான் முகரவில்லை, சும்மா உற்றுப் பார்த்தேன்.

அந்தக் கோடையில் எனக்கு நான்கு கவளத்துக்கு மேல் சோறு இறங்கவில்லை. இடது விலாவுக்குக் கீழே ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. கேன்டீன்காரன் சீக்கிரம் வேகட்டும் என்று அரிசியில் சோடா உப்பைக் கொட்டுகிறான் என்று முடிவு கட்டினேன். பேன்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியது. சுமதி புதுச் சோப்புத் தூளில் போட்டுத் துணியைத் தளர்த்திவிட்டாள் என்று அவளோடு சண்டை போட்டேன். விடியற்காலையில் தலையணை நனைகிற அளவுக்கு வேர்த்தது, அதற்கு மின்விசிறி போட்டுக் கொடுத்த எலக்ட்ரீஷியன் மாட்டினான். என் உடம்பைத் தவிர ஊரில் இருந்த எல்லோர் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

அப்போதுதான் நான் புள்ளி வைத்து அனுப்பிய வார்ப்புகள் திரும்பி வர ஆரம்பித்தன. வாங்குகிற கம்பெனி அனுப்பிய படத்தில் என் பச்சைப் புள்ளி பளிச்சென்று இருந்தது, அதற்குப் பக்கத்திலேயே ஒரு துளையும் இருந்தது. சூப்பர்வைசர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் போனதே எனக்குச் சரியாகப் படவில்லை. என் பக்கத்து மேஜையில் சாத்தூர்ப் பக்கத்துப் பையன் முத்துராஜ் உட்கார்ந்திருந்தான். ஐந்தாறு பேரோடு ஒரே அறையில் வாடகைக்கு இருப்பவன். காண்டிராக்டில் இருந்து நிரந்தரமாக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. என் மேஜை காலியானால் அவனுக்கு நல்லதுதானே என்று ஒரு கணக்குப் போட்டேன். அவன்தான் என் மார்க்கரால் கெட்ட வார்ப்புக்குப் புள்ளி வைக்கிறானோ என்று, அன்றிலிருந்து சாப்பிடப் போகும்போதுகூட மார்க்கரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பார்க்கிறவர்களையும் சோதிப்பார்கள். கெட்டது என்று ஏற்கெனவே தெரிந்த வார்ப்புகளை நல்லவற்றோடு கலந்து, வேறு லாட் நம்பர் ஒட்டி, சொல்லாமல் கொள்ளாமல் மேஜைக்கு அனுப்புவார்கள். யாரை யார் சோதிக்கிறார்கள் என்று தெரியாமல் நடந்தால்தான் அது சோதனை. வார்ப்புகள் திரும்பி வந்த பிறகு எனக்கும் அப்படி ஒரு டிரே வந்திருக்கிறது. அதிலிருந்த கெட்ட வார்ப்புகளில் பாதிக்கு நான் புள்ளி வைத்து அனுப்பிவிட்டேன். சூப்பர்வைசர் கூப்பிட்டுக் காட்டியபோது, யாரோ டிரேயை மாற்றிவிட்டார்கள் என்று நான் கத்தினேன்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் முத்துராஜ் மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கிராதீக. கொஞ்ச நாளாவே அந்தக் கண்ணாடியத் தொடச்சுத் தொடச்சுப் பாக்கீக. அதுல அழுக்கே இல்லண்ணே. வலது கண்ணுல வச்சுப் பாருங்களேன்."

துளை பார்க்க நாங்கள் ஒற்றைக் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் சின்ன பூதக்கண்ணாடி ஒன்றை வைத்திருப்போம். எனக்கு எப்போதும் இடது கண்தான் வழக்கம். இவனுக்கு என் கண்ணைப் பற்றி எப்படித் தெரியும் என்று முறைத்துக்கொண்டே வலது கண்ணில் வைத்தேன். துளை இருந்தது. இடது கண்ணுக்கு மாற்றினேன். துளை இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. வார்ப்பைத் திருப்பினாலும், அதை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாலும், அந்தக் கறை நான் பார்க்கிற இடத்துக்கே வந்து நின்றது.

கண்ணாடிக் கடையில் பவர் கூடியிருக்கிறது என்று புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். அதைப் போட்டதும் சுற்றியிருந்ததெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கறையும் தெளிவாகத் தெரிந்தது. திரும்பப் போய்க் கேட்டால், "பழகிடும் சார்" என்றார் கடைக்காரர். பழகிவிடும் என்று யாராவது சொன்னாலே நான் உஷாராகிவிடுவேன். செருப்பு கடித்தாலும் இதைத்தான் சொல்வார்கள். அங்கிருந்து நேராக ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். இன்றைக்கு யோசித்தால், என் சந்தேகம் என்னைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது அந்த ஒரு முறைதான்.

அங்கே காத்திருக்கும் கூடத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்பாப்பாவை விரிக்கிற சொட்டு மருந்து போட்டால் அப்படித்தான் உட்கார வேண்டும். எனக்கும் போட்டார்கள். நான் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, யார் எனக்கு முன்னால் உள்ளே போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். விளக்கைப் பிடித்து இடது கண்ணை நெடுநேரம் பார்த்தார். வலது கண்ணைப் பார்த்தார். மறுபடி இடது கண்ணுக்கு வந்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, சம்பந்தமே இல்லாமல் கேட்டார்.

"சமீபத்துல எடை குறைஞ்சிருக்கா? ராத்திரியில வேர்க்குதா? கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு ரொம்பிடுதா?"

ஜோசியக்காரர்கள் இப்படித்தான் எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். அவர் என்னைப் படுக்க வைத்து இடது பக்க வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"மேடம், நான் கண்ணுக்கு வந்தவன். வயித்த எதுக்கு அமுக்குறீங்க?"

"கண்ணுக்குள்ள பின்னால விழித்திரைன்னு ஒரு படலம் இருக்கு. நீங்க பாக்கறதெல்லாம் அதுலதான் பதியுது. உங்களுக்கு அதுல அங்கங்க ரத்தம் கசிஞ்சிருக்கு. ஆனா இது கண்ணுல ஆரம்பிச்ச வியாதி மாதிரி தெரியல. உங்க மண்ணீரலும் வீங்கியிருக்கு. இன்னிக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க. எந்த லேப்ல வேணாலும் பண்ணுங்க."

எந்த லேப் வேண்டுமானாலும் என்று சொன்னது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. கமிஷன் வாங்குகிறவர்கள் முதலில் அப்படித்தான் சொல்வார்கள், வெளியே வந்து பார்த்தால் பக்கத்துக் கதவில் லேப் இருக்கும். இருந்தது. விரிந்த பாப்பாவோடு வெயிலில் வேறெங்கும் நடக்க முடியாததால் அங்கேயே கொடுத்தேன். ரத்தம் எடுத்த பெண் குழாயை மற்ற குழாய்களோடு தட்டில் வைத்துவிட்டு, போனில் ஒரு வார்த்தை பேசிவிட்டு, அப்புறம்தான் என் பெயரை ஒட்டினாள். எங்கள் மேஜையில் அப்படிச் செய்தால் மெமோ கொடுப்பார்கள்.

அறிக்கையைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். ரத்தத்தில் வெள்ளணுக்கள் என்று இருக்கின்றன, கிருமி வந்தால் சண்டை போடுகிறவை. எனக்கு அவை இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு பெருகி இரண்டு லட்சத்தைத் தாண்டி நின்றன. அதனால் ரத்தம் கெட்டியாகி, விழித்திரையின் மெல்லிய குழாய்களில் ஓட முடியாமல் கசிந்திருக்கிறது.

"ரத்தப் புற்றுநோயா இருக்க வாய்ப்பு அதிகம். நாளைக்குக் காலையிலேயே சென்னைக்குப் போங்க. நான் லெட்டர் தர்றேன். தள்ளிப் போட்டா பார்வையும் போகலாம், உயிருக்கும் ஆபத்து" என்றார். கதவு வரைக்கும் கூட வந்து, "மங்கலா தெரியறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குக் கண்ணாடி மாத்தினா சரியாயிடும். கண்ணாடி மாத்தியும் போகாம ஒரே இடத்துல நிக்குற கறையை மட்டும் விட்டுடக் கூடாது. நீங்க விடாம வந்தீங்க, அது நல்லது" என்றார்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்தேன். சுமதியிடம் சொல்லவில்லை. குழாயில் பெயர் பிறகுதான் ஒட்டப்பட்டது என்பதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். லேபிள் ஒட்டாத சரக்கு எந்த லாட்டில் வேண்டுமானாலும் கலந்துவிடும். யாரோ ஒருவருடைய நோயை என் தலையில் கட்டுகிறார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், உறுதியாக வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவ்வளவு பயமாக இருந்தது.

மறுநாள் காலை சுமதி கம்பெனி பஸ் ஏறிப் போனதும், நான் சென்னைக்குப் போகாமல் படப்பைக்குப் போனேன். கம்பெனி எனக்கு வைத்த சோதனையை நான் லேபுக்கு வைக்க முடிவு செய்திருந்தேன். என் பெயரைக் கொடுத்தால் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், எல்லா லேபும் உள்ளுக்குள் ஒன்றுதான். என் போன் நம்பரைக் கொடுத்தாலும் திரையில் என் பெயர் வந்துவிடும். அதனால் சேரப்பணஞ்சேரியில் இருக்கும் என் மச்சான் பார்த்திபனின் பெயரையும் அவன் நம்பரையும் கொடுத்தேன். சாயங்காலம் நானே வந்து அறிக்கையை வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன். ரத்தம் எடுத்த பையன் குழாயில் பெயர் ஒட்டுகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். இந்த முறை தப்பு நடக்க வழியே இல்லை என்று திருப்தியாக வீடு திரும்பிப் படுத்தேன்.

மதியம் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. பார்த்திபன் நின்றான். ஒரகடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், யூனிஃபார்மோடு வேலை நேரத்தில் வந்திருந்தான். ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன்.

"அக்கா இல்லியா மாமா?"

"ஷிஃப்ட்டுக்குப் போயிட்டா. இன்னா விஷயம்?"

"இல்லாததே நல்லதாப் போச்சி." ஷூவைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தான். "மாமா, படப்பையாண்ட ஒரு லேபுலேர்ந்து போன் வந்துச்சி. பார்த்திபன் சாரான்னு கேட்டாங்கோ. உங்க ரத்தத்துல வெள்ளணு ரொம்ப ஓவரா கீது, ஒடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொன்னாங்கோ. கேன்சரான்னு கேட்டேன். டாக்டர்தான் சொல்லணும்னு வெச்சிட்டாங்கோ."

சாயங்காலம் வரச் சொன்னவர்கள் மதியமே போன் செய்வார்கள் என்று நான் நினைக்கவில்லை. இவன் எப்படி இதை நம்பினான் என்றும் புரியவில்லை.

"நீ எங்கடா ரத்தம் குடுத்த?"

"போன வாரம் கம்பெனியில எல்லாருக்கும் மெடிக்கல் செக்கப்னு எடுத்தாங்கோ மாமா. அதான்." சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டான். "சின்னது இன்னும் அம்மா இடுப்ப வுட்டு எறங்கல. பெருசுக்கு இப்பதான் ஸ்கூல் சேத்தேன். அவளாண்ட சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. எனக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா நீதான் மாமா பாத்துக்கணும்."

என் சோதனை முடிவு இப்படி என் எதிரில் வந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. இரண்டு லேபும் ஒன்றையே சொல்லிவிட்டன. மாற்றிச் சொல்ல இனி யாரும் இல்லை. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், வாயைத் திறக்காமல் இருந்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. நான் சொல்லாத வரைக்கும் அந்த நோய் அவனுடையதாக இருந்தது.

"பார்த்தி, அது உன் ரத்தம் இல்லடா. என்னுது. உன் பேர்ல நான்தான் குடுத்தேன். நேத்து ஸ்ரீபெரும்புதூர்லயும் இதேதான் சொன்னாங்கோ. உண்மைதான்."

அவன் முகம் மலர்ந்தது. குறை பார்த்தே பழகிய கண் என்னுடையது, கறை இருந்தாலும் அது எனக்குத் தெரிந்துவிட்டது. உடனே நான் சொன்னதன் மறுபாதி அவனுக்கு உறைத்து, அந்த மலர்ச்சி அப்படியே வடிந்தது. தான் சந்தோஷப்பட்டதை நான் பார்த்துவிட்டேன் என்று அவனுக்கும் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான். பிறகு எழுந்து, பதினைந்து வருஷத்தில் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாதவன், கத்தினான்.

"லூசா மாமா நீ? அறிவு கீதா உனக்கு? நேத்தே போயிருக்கணும். இன்னிக்கு ஒரு நாள் வேஸ்ட்டு. எழுந்திரு. சட்டையப் போடு."

அவன் சொல்லித்தான் சுமதிக்கு விஷயம் தெரிந்தது. சென்னையில் பெரிய அரசு மருத்துவமனையில் என்னைச் சேர்த்த அன்று அவள் வேலையிலிருந்து நேராக அங்கே வந்தாள். அழவில்லை. "ஊர்ல யாரையும் நம்பாட்டிப் போங்க. எங்கிட்ட சொல்றதுக்குமா சந்தேகம்?" என்று மட்டும் கேட்டாள். மறுநாளிலிருந்து என் சொந்த டம்ளரையும் தட்டையும் கொண்டு வந்தாள். நான் கேட்காமலேயே, கொண்டு வந்த ரசத்தில் முதல் வாயைத் தான் குடித்துக் காட்டிவிட்டுத்தான் எனக்குக் கொடுப்பாள். அதில் கொஞ்சம் குத்தலும் இருந்தது, நிறைய அன்பும் இருந்தது.

வெள்ளணுவை அவசரமாகக் குறைக்க ட்ரிப்ஸ் ஏற்றி, ஏதோ கேப்சூல்கள் கொடுத்தார்கள். பிறகு எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. ரத்தம் ஊறுகிற இடம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. பின்இடுப்பு எலும்பில் மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த ஊசியால் துளைத்து அதில் கொஞ்சம் எடுப்பார்கள். துளைப்பது அவ்வளவாக வலிக்கவில்லை. உறிஞ்சி எடுக்கும் அந்தக் கொஞ்ச நேரம் கால் நுனி வரைக்கும் யாரோ கம்பியை இழுப்பது போல இருந்தது. பார்த்திபன் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு என் கூடவே இருந்தான். அவனை வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவுக்கு வெளியே இருந்து, "மாமா, உள்ள கீறியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

வந்திருப்பது நாள்பட்ட வகை ரத்தப் புற்றுநோய் என்று வார்டின் இளம் டாக்டர் விளக்கினார். அணுக்களுக்குள் உள்ள இரண்டு மரபுத் துண்டுகள் முறிந்து, ஒன்றின் முனை இன்னொன்றில் மாற்றி ஒட்டிக்கொள்கிறதாம். அதனால் வெள்ளணு செய்கிற வேலை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறதாம். அந்தத் தப்பு ஒட்டு இருக்கிறதா என்று பார்க்கும் முடிவு வர நாளாகும். இருந்தால் அதற்கென்றே ஒரு மாத்திரை உண்டு, தினம் சாப்பிட்டால் பெரும்பாலானவர்கள் நல்லபடியாக இருக்கிறார்கள் என்றார்.

"எத்தன நாளைக்கு சார்?"

"தினமும். விடாம. நாங்க நிறுத்தச் சொல்ற வரைக்கும், ஒருவேளை ஆயுசுக்கும்."

அந்த முடிவுக்காகக் காத்திருந்த நாட்கள்தான் மோசம். எதிர்க் கட்டிலில் உத்திரமேரூர்ப் பக்கத்து மனிதர் ஒருவர் இருந்தார். ரேடியோ கேட்டுக்கொண்டு, வருகிற போகிறவர்களிடமெல்லாம் மழை பெய்யுமா என்று விசாரிப்பார். ஒரு காலை நான் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்தபோது கட்டிலில் புது விரிப்பு இருந்தது. டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார் என்றாள் துப்புரவு செய்கிற அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அவர் செருப்பு ஜோடியாக அங்கேயே இருந்தது. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அதன் பிறகு சிரித்துக்கொண்டே ஊசி போடுகிற நர்ஸ், அவசரமாகப் போகிற டாக்டர், வராண்டாவில் தணிந்த குரலில் போன் பேசும் சுமதி, எல்லோரும் என்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்றே பட்டது. சுமதி பேசிக்கொண்டிருந்தது கேஸ் சிலிண்டர் பற்றி. ஒட்டுக் கேட்டதில் அதுதான் கிடைத்தது.

முடிவு வந்தது. தப்பு ஒட்டு இருந்தது. அன்று காலையே நர்ஸ் ஒரு அட்டை மாத்திரையைக் கொண்டு வந்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, நிறைய தண்ணீரோடு என்று சொல்லிவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை.

அங்கேதான் எனக்கு இடித்தது. வெளியில் இந்த மாத்திரை என்ன விலை என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்லியிருந்தார். அவ்வளவு விலையுள்ளதை எதற்குச் சும்மா கொடுக்கிறார்கள்? நம்மை வைத்துப் பரிசோதனை செய்கிறார்களா? எதிர்க் கட்டில்காரரும் ஏதோ அட்டை மாத்திரைதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அட்டையைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துப் பிசிறு இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தேன். குறை ஒன்றும் இல்லை. குறை இல்லாததாலேயே பயமாக இருந்தது. அதை மறுபடி அட்டையின் மேல் வைத்தேன். நர்ஸ் இரண்டு தடவை வந்து கேட்டு, மூன்றாம் தடவை திட்டிவிட்டுப் போனார். அப்புறம் போட்டுக்கொள்கிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பார்த்திபன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கு லேபுலேர்ந்து போன் வந்ததும் நான் எதுக்கு உன்னாண்ட வந்தேன்னு தெரியுமா?"

"புள்ளைங்களப் பாத்துக்கச் சொல்லத்தான வந்த?"

"அது அப்பால வாய்ல வந்துச்சி. நான் வந்தது அதுக்கு இல்ல." டம்ளரைக் கீழே வைத்தான். "யாராண்ட போனாலும் அய்யோன்னு அழுவாங்கோ. எங்க மாமா மட்டும்தான் நம்பாதுன்னு நெனச்சேன். 'எவன்டா சொன்னான், லேப்காரன் பிராடு, குழாய மாத்திட்டான், போய் வேலையப் பாரு'ன்னு நீ சொல்லுவ. அத உன் வாயால ஒரு வாட்டி கேட்டுட்டாப் போதும்னுதான் மாமா அவ்ளோ வேகமா வண்டிய ஓட்டிக்கினு வந்தேன்."

என் சந்தேகத்தை ஊரே கிண்டல் செய்திருக்கிறது. அதை நம்பி ஒருவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான் என்று இதற்கு முன்னால் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

"நான் அப்படிச் சொல்லலியே" என்றேன்.

"நீ சொல்லல. உண்மைதான்னு சொன்ன. வேற எவன் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். நீயே சொன்னதால நம்புனேன்." அட்டையின் மேலிருந்த மாத்திரையை எடுத்து என் கையில் வைத்தான். "இப்ப நான் சொல்றேன் மாமா. இது நல்ல மாத்தர. போட்டுக்கோ."

அவனுக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது, ஒரு வாரமாகத் தரையில் பாய் விரித்துப் படுத்தவன். மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தேன்.

பார்த்திபன் நகரவில்லை. குனிந்து என் முகத்துக்கு நேரே வந்து நின்றான்.

"வாயத் தொற" என்றான்.

திறந்தேன். உள்ளே உற்றுப் பார்த்தான். அவனுக்குத் திருப்தி இல்லை.

"நாக்கத் தூக்கு."

தூக்கிக் காட்டினேன்.